மூடிய கை

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். பிசியோதெரபி பெண் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டுப் போனதும் வத்சலாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலி மாத்திரை கொடுப்பது கணவர் தணிகாசலத்தின் பொறுப்பு. இன்னொரு தடவை எதையாவது மறந்தால் அப்பாவை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று மகள் நித்யா சொல்லியிருந்தாள். இப்போது அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு கையில் டம்ளருடன், மறுகையை மூடியபடி வந்தார்.

“வாயைத் திற, மகாராணி!”

கதவுக்கு முதுகைக் காட்டியபடி விரல்களை விரித்தார். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை.

வத்சலா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலிருந்து இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

“பரவாயில்லையே, அப்பா கரெக்டா குடுத்துட்டாரே!” என்று சிரித்துக்கொண்டே நித்யா அங்கிருந்து போனாள்.

“ரொம்பக் கசக்குதா?” என்று கேட்டு அவள் வாயோரத்தைத் துடைத்தார் அவர்.

“கொஞ்சம்.”

அவர் காலண்டரில் கவனமாக டிக் அடித்தார். “அடுத்தது ராத்திரிதான். நடுவுல வலிக்குதுன்னு கேட்டா தரமாட்டேன்.”

வத்சலா போர்வையின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“கேக்க மாட்டேங்க.”