அடுத்த வரிசை

"தெய்வசிகாமணி சார் தவறி நாப்பது நாளாச்சு, பேரு இன்னும் மெயில் லிஸ்ட்ல கிடக்கு. எடுத்துட்டு லிஸ்ட்ட மறுபடி மெயில்ல ஏத்திடுங்க தேன்மொழி" என்றார் மேலாளர். எக்செல்லில் வரிசையையே அழித்திருக்க வேண்டும். அவசரத்தில் பெயர்க் கட்டத்தை மட்டும் அழித்தாள். கீழிருந்த அறுநூறு பெயர்களும் சத்தமில்லாமல் ஒரு படி மேலேறின; முகவரிகள் அசையவில்லை. ஏற்றிய பிறகுதான் பார்த்தாள். அடுத்த வரிசையிலிருந்த அவள் பெயர் இப்போது இறந்தவரின் முகவரிக்கு நேரே உட்கார்ந்திருந்தது. சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே தேர்ந்தெடுத்து, 'வந்துச்சா?' என்று அனுப்பினாள். அவளுக்கு வரவில்லை. பழைய கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்து விழுந்தது. 'வந்துச்சும்மா. நாப்பது நாளா யாருமே எழுதல.' அனுப்பியவர் பெயர்: தேன்மொழி.