முன்வரிசைக்கும் முன்னால்

"பேரெல்லாம் வேண்டாம்மா. ஒரு ரசிகன்னு போட்டுக்குங்க, போதும்."

சொல்லிவிட்டுப் பெரியவர் அரங்கத்தின் வெளிச்சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் மேடையில் மெல்ல உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் நெறுக்கென்றன.

நிருபர் பெண்ணும் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வெயிலில் அலைச்சல். நாற்பது வருடங்களாக மேடையேறி வரும் ஐந்து பேர் கொண்ட ராக் இசைக்குழுவுக்கு இன்று கடைசிக் கச்சேரி. பத்து ரசிகர்களிடம் பேசி நான்கு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் ஆசிரியர். ஒன்பது பேர் ஆயிற்று. ஒன்பது பேரும் காற்றில் கிடார் வாசித்துக் காட்டி, "வேற லெவல் மேடம்" என்றார்கள். உருப்படியாக ஒரு வரி தேறவில்லை.

"எத்தனை கச்சேரி பாத்திருப்பீங்க சார்?" என்றாள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"முப்பத்தெட்டு கச்சேரிக்கு வந்திருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். "முப்பத்தெட்டா! எங்க நிப்பீங்க?"

"முன்னாடிதான். கம்பித் தடுப்பை ஒட்டி."

"அந்த இடத்துக்கு விடியக்காலையிலேயே வந்து காத்துக் கிடப்பாங்களே!"

"மத்தியானமே வந்துடுவேன். கச்சேரி முடிஞ்சு கடைசி ஆள் போற வரைக்கும் நின்னுட்டுத்தான் கிளம்புவேன். காலைப் பாருங்க." பேண்டைச் சற்று தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாய்ச் சுருண்டு புடைத்திருந்தன. "எல்லாம் நின்னு நின்னு வந்தது."

"வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"சொல்லாம? 'என்னைக் கட்டினதுக்குப் பதிலா அந்த அஞ்சு பேரையும் கட்டியிருக்கலாம்'பா என் சம்சாரம். மூத்த பொண்ணு பிறந்தன்னிக்குக் கூட இங்கதான் நின்னேன். அதை மட்டும் இன்னும் மறக்கல அவ." அலுப்போடு சிரித்தார். "இன்னைக்கு அவளே, 'போயிட்டு வாங்க, இந்த ஒரு தடவையாவது உக்காந்து கேளுங்க'ன்னு டிக்கெட் வாங்கிக் கொடுத்தா. கடைசி வரிசை நாற்காலி. எனக்கு அது போதும்."

நிருபர் குறிப்பேட்டைத் திறந்தாள். "அப்படி என்ன சார் இருக்கு அவங்க கச்சேரியில?"

பெரியவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எதிரே வரிசை வளைந்து வளைந்து நீண்டிருந்தது.

"ரெக்கார்டுல கேட்டா அது பாட்டு. நேர்ல வேற. டிரம்ஸ் அடிச்சா முதுகுத்தண்டுல இறங்கும். அந்த மெதுவான பாட்டு ஒண்ணு இருக்கு பாருங்க, மழையில நனைஞ்சுக்கிட்டே ஒரு தடவை பாடினாங்க. ஒரு புருஷன் பொண்டாட்டி, வரும்போதே சண்டை. நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் விட்டு நின்னாங்க. ரெண்டாவது சரணத்துல அந்தம்மா அவன் தோள்ல சாஞ்சுட்டா. அவன் அழறான். மழையா கண்ணீரான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியும்."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவை ஒரு அப்பா, பதினஞ்சு வயசுப் பையனோட வந்திருந்தார். அப்பா கத்திக் கத்திப் பாடுறார், பையனுக்கு மானம் போகுது. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கிடார்காரர் தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் மெல்ல நிமிர்ந்தான் பாருங்க, அப்படியே வாயைப் பொளந்துட்டான்! அப்புறம் அப்பாவைவிட அவன் சத்தம்தான் ஜாஸ்தி."

"கூட்டத்துல பயமா இருந்ததில்லையா?"

"ஒரு தடவை. பின்னால இருந்து தள்ளிட்டாங்க. முன்வரிசையே கம்பியில நசுங்குது. ஒரு பொண்ணு கண்ணு சொருகிச் சரியுறா. அக்குள்ல கையைக் கொடுத்துத் தூக்கி வெளிய இழுத்துப் போட்டேன். அன்னைக்கு மொத்தம் பதினோரு பேரு. என் தோள்பட்டை அப்பவே போச்சு. மூஞ்சில தண்ணி தெளிச்சு அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்ததும் என்ன கேட்டா தெரியுமா? 'ஐயோ, பாட்டு முடிஞ்சிடுச்சா அண்ணே?'"

நிருபர் வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பத்துப் பேருக்குப் பதில் இவர் ஒருவரே போதும் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. பெரியவர் சட்டென்று எழப்போய், முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். முப்பத்தெட்டு தடவை அவ்வளவு கிட்ட நின்னிருக்கீங்க. மேடையில அவங்க அஞ்சு பேர்ல யாரைப் பாக்கத்தான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?"

பெரியவர் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலைப் பார்த்தார்.

"இன்னைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேம்மா. நான் செக்யூரிட்டியா இருந்தவன்; கூட்டத்துமேலதான் கண்ணு இருக்கணும், மேடைப் பக்கம் ஒரு தடவை திரும்பினாலும் வேலை போயிடும்."