நாரைத் திட்டுக்கு ஒரு சாட்சி

ஜெயவேலு படகில் ஏறியதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அதுதான் அமலராணிக்குச் சரியாகப் படவில்லை.

நான்கு பேர் இருக்கும் இடத்தில் நாற்பது பேருக்குப் பேசுகிற மனிதர். மாடம்பாக்கத்தைச் சுற்றி அவர் பிளாட் போடாத வயல் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி வந்தால் என்ன அர்த்தம்?

ஏரிக்கு நடுவே நாரைத் திட்டு. அதில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு கட்டடம். வெள்ளைக்காரப் பொறியாளர் தங்கிய பங்களா என்று அறக்கட்டளையின் பலகை சொல்கிறது. சுற்றிலும் கருவேல மரங்கள், மரத்துக்கு இருபது கூடு. ஒன்பது வருடமாக அமலராணியின் அறக்கட்டளைதான் கட்டடத்தையும் கூடுகளையும் கட்டிக் காக்கிறது.

இன்றைக்கு அதற்கெல்லாம் முடிவு தெரிந்துவிடும். கட்டடம் நூறு வருடத்தைத் தாண்டியது என்று தொல்லியல் துறை அதிகாரி சூர்யநாராயணன் எழுதிவிட்டால் திட்டை யாரும் தொட முடியாது. எழுதாவிட்டால் படகுக் குழாமும் ஓட்டலும் வரும். ஒரு நாரை மிஞ்சாது.

காட்டுவதற்குப் பத்திரம் ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் பழைய குடும்பத்து ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். பாதிக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு எங்கெங்கோ போய்விட்டன. யாரைப் பிடிப்பது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே வந்து நின்றார் ஜெயவேலு.

"நான் சொல்றேன் டீச்சர்."

பைசா பெறாத காரியத்துக்கு இந்த மனிதர் அடுத்தவர் வாசற்படி ஏறுவாரா? ஓட்டல்காரன் ஏதாவது பேசி அனுப்பியிருப்பானோ? அதிகாரி முன்னால் என்ன சொல்லித் தொலைப்பாரோ? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பாரே.

திட்டில் இறங்கியதும் அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தார், படம் எடுத்தார். ஜெயவேலு ஒவ்வொரு சுவராகத் தடவிக்கொண்டே போனார். வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அப்புறம் மெதுவாகத் திரும்பி அமலராணியைப் பார்த்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சு இது எத்தனை வருஷப் பழசு?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க தாத்தா சின்னப் புள்ளையா இருக்கறப்பவே இருந்துச்சு சார்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. காகிதத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

நூறு வருடத்தைத் தாண்டியது என்று எழுதிக்கொண்ட அதிகாரியை ஏற்றிக்கொண்டு முதல் படகு போய்விட்டது. இரண்டாவதில் இவர்கள் இருவர்தான். துடுப்பை ஜெயவேலுவே எடுத்துக்கொண்டார். திட்டு பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதைச் சந்தேகம் வெளியே விடவில்லை. பாதி ஏரி தாண்டியதும் கேட்டுவிட்டாள்.

"இதுல உங்களுக்கு என்ன சார் லாபம்?"

"அது வெள்ளைக்காரன் பங்களா இல்லன்னு உங்களுக்கே தெரியும் டீச்சர். எங்கப்பா கட்னது. எழுபத்தி நாலுல, மீன் குத்தகைக்குக் காவல் வூடு. எங்க சூளை கல்லு. நான்தான் தலையில சுமந்தேன்."

அமலராணி மறுக்கவில்லை. போன மாத மழையில் வடக்குச் சுவரின் பூச்சு உதிர்ந்தபோது உள்ளே நான்கு செங்கற்கள் தெரிந்தன. முகத்தில் எழுத்துக் குத்திய கற்கள். பெ. ஏகாம்பரம், 1974. யாருக்கும் சொல்லாமல் அவளே உளி வைத்துப் பெயர்த்தாள். வேறு கல் வைத்து, தன் கையாலேயே சுண்ணாம்பு பூசினாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள். ஏகாம்பரத்தின் மகன் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் இத்தனை நாளும் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஜெயவேலு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். படகு தானாக நின்றது.

"சூளைய நான்தான் இடிச்சேன். ரைஸ் மில்ல இடிச்சேன். அவரு கட்ன வூட்டையும் இடிச்சு பிளாட் போட்டேன். அவரு கைப்பட்டது இது ஒண்ணுதான் மிச்சம் கீது. பலகையில எவன் பேரு இருந்தா இன்னா, நின்னா போதும்."

இந்த மனிதரையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அந்தச் சுவத்துல அப்பா பேரு போட்ட கல்லு நாலு இருக்கும். நீங்க எடுத்துட்டீங்க, தடவும்போதே தெரிஞ்சுது. நீங்கதான் பழசெல்லாம் பத்திரமா வைக்கிறவங்களாச்சே. எனக்கு ஒண்ணு குடுங்க டீச்சர், சாமி ரூம்ல வச்சிக்கிறேன்."

அமலராணி தண்ணீரைப் பார்த்தாள். ஏரியிலேயே ஆழமான இடம் அதுதான். அதைத் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அந்த நாலு கல்லோடு அங்கே படகை நிறுத்தியிருந்தாள்.