மீன்கொத்தியின் வால்

"சில்லு டீச்சர்! உங்க மீன்கொத்திக்கு இன்னிக்கு வால் போச்சு!"

தையல்கடைக்காரம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரருகே வந்து நின்றாள்.

போன மாதம்வரை குப்பை கொட்டிய சுவர். தெருக்காரர்கள் கொடுத்த உடைந்த தட்டு, கோப்பை, தரை ஓடு எல்லாவற்றையும் சில்லு சில்லாக்கி, அவர்களையே ஒட்டவைத்து, அதில் ஓர் ஆற்றைக் கொண்டுவந்திருந்தாள் அவள். பாக்கி அந்த மீன்கொத்திதான். அது மட்டும் முடிகிற பாடாய் இல்லை. ஒட்டினால் மறுநாள் காலையில் இறக்கை இருக்காது. இறக்கையைச் சரிசெய்தால் கொண்டை இருக்காது.

"ஞாயித்துக்கிழமை திறப்பு விழா! வர்றவங்களுக்கு மொட்டைக் குருவியையா காட்டுவேன்?" என்று குதித்தார் தெருச் சங்கச் செயலாளர்.

"இப்பவே ஒட்டிடலாம் சார்." எதிர்க்கடை பைக் மெக்கானிக், கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் பசை குழைக்க உட்கார்ந்தான். கூட்டம் கலைந்தது.

"இந்த நீலச் சில்லு யார் வீட்டுது டீச்சர்?"

"உங்க அக்கா கொடுத்த தட்டு."

"அதானே பார்த்தேன்! இந்தத் தட்டுல சாப்பாடு வாங்கினதைவிடத் திட்டு வாங்கினதுதான் அதிகம்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சில்லுகளைக் கோணல்மாணலாக வைத்தான்; அவள் அதைத் திருத்தாமல் அடுத்த சில்லை எடுத்துக் கொடுத்தாள்.

"இது முடிஞ்சா அடுத்து எங்கே?"

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு பள்ளிக்கூடச் சுவர். ரெண்டு பஸ் மாறணும்."

அவன் கை பசைக்குள்ளேயே நின்றுவிட்டது. "அவ்வளவு தூரமா?"

அதற்குள் செயலாளர் விடுவிடுவென்று திரும்பி வந்தார். "முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கே இங்க கேமரா மாட்டறேன். கையும் களவுமாப் பிடிச்சிடலாம்!"

"கேமராவெல்லாம் எதுக்கு சார்?"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதுக்குக் காலமில்லை" என்று முணுமுணுத்தபடி போனும் கையுமாக நகர்ந்தார்.

"நீங்க ஏன் வேணாம்னீங்க?" டீச்சர் கேட்டாள்.

"வீண் செலவு... அதான். நீங்க?"

"எனக்கும் அதான்."

சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வால் கிடக்கட்டும், மீன்கொத்திக்கு அலகையும் காணோம்!

"அலகு எங்கே?"

மெக்கானிக் தலை நிமிராமல் பசையை வேகவேகமாகக் குழைத்தான். அவன் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறச் சில்லு ஒன்று எட்டிப் பார்த்தது.

செயலாளர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

டீச்சர் கொடுக்கவில்லை. தோளில் தொங்கிய கைப்பையை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். விடிந்தும் விடியாமலும் வந்து அவள் பெயர்த்தெடுத்த வால் அதற்குள்தான் இருந்தது.