வேறு கிளைகள்

ஏணியடியில் நின்று அவள் போர்டின் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள்.

மேலே, பச்சையில், ‘ஜெபக்கனி மிக்ஸி கிரைண்டர் சர்வீஸ்’. அவளுடைய பெயர்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

கீழே, சிவப்பில், அவள் எழுதச் சொல்லாத வரி ஒன்று ஈரம் காயாமல் பளபளத்தது.

‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’

உச்சிமாகாளி அண்ணன் முப்பது வருடமாகப் பாவூர்சத்திரத்துக் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். அல்வாக் கடைக்கும் இதே வரி, பாத்திரக் கடைக்கும் இதே வரி. பேர் எடுத்த கடைக்காரர்கள் போலிக்குப் பயந்து எழுதச் சொல்வது. அவருக்குக் கை பழகிவிட்டது. நாளைக் காலையில்தான் திறக்கப்போகிற கடைக்குப் போலி எங்கிருந்து வரும் என்று கை யோசிக்குமா?

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

பதினொரு வருடம் ஒரு கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டினாள். முன்னால் முதலாளி வாங்குவார், முதலாளியே கொடுப்பார். வேலை பார்த்தது ஒரு பொம்பளை என்று ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். ஒவ்வொரு மிக்ஸியிலும் கட்டியிருந்த சீட்டில் ஊர்ப் பெயர் இருக்கும். சுரண்டை. ஆலங்குளம். கடையம். ஒரு மிக்ஸிக்காகக் கட்டைப்பையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வருகிறார்கள், பாவம்.

அந்த மூன்று ஊரிலும் கடை போட வேண்டும் என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள்.

வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை, வேலையை விட்ட அன்றைக்கு.

“ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க,” என்றார் முதலாளி. கடையே சிரித்தது.

அதற்குப் பிறகு வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஃபிளெக்ஸ் ஓர் ஆடிக் காற்றுக்குத் தாங்காது என்றுதான் தகரத்தில் பெயிண்டால் எழுதச் சொன்னாள். பத்து வருடம் நிற்க வேண்டுமே. இப்போது இந்த ‘இல்லை’யும் அல்லவா பத்து வருடம் நிற்கும்!

“அண்ணே, கடைசி வார்த்தைய மட்டும் அழிச்சிருங்க.”

“‘இல்லை’யவா? அத அழிச்சா வரி அந்தரத்துல நிக்கும்லா, தங்கச்சி. வேற என்னத்த எழுத?”

இன்னொரு சிரிப்பைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

“ஊர்ப் பேரு வரும்ணே. இப்பம் இல்ல. பெறவு.”

அவர் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ‘இல்லை’யின் மேல் கையை விரித்து அளந்தார். ஒரு சாண் இடம்கூட இல்லை.

“எத்தன ஊரு?”

“மூணு.”

எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றாள்.

அவர் துணியைத் தின்னரில் நனைத்து ‘இல்லை’யை அழித்தார். அதோடு நிறுத்தவில்லை. ‘கிளைகள்’ போயிற்று. ‘வேறு’ போயிற்று. ‘எங்களுக்கு’ என்பதும் போயிற்று.

மெல்லிய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்தார். போர்டின் இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘கிளைகள்’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார்.

மிச்சமிருந்த வெற்றிடத்தைச் சாண் சாணாக அளந்துகொண்டே வலது ஓரம் வரைக்கும் போனார்.

“அஞ்சு கொள்ளும், தங்கச்சி.”