வலது காலில் முள்

வெள்ளாட்டுக்கு முள் குத்தியிருந்தது வலது முன்னங்காலில். குரங்கு வைத்தியர் அறுத்துத் தைத்ததோ இடது முன்னங்காலை. இரண்டு காலும் நொண்ட, பொருமிக்கொண்டே யானையின் பஞ்சாயத்துக்குப் போனது ஆடு.

“தப்புதான்னு இன்னொரு வைத்தியர் வந்து சொல்லணும். அதான் இங்கே வழக்கம்” என்றது யானை.

வந்தவரும் குரங்குதான். இடது காலை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, “தையல் பிரமாதம்” என்றார்.

யானை தலையாட்டியது. “இனிமே வைத்தியர் மேல யாரும் பிராது கொண்டுவரக் கூடாது. பயந்துக்கிட்டே வைத்தியம் பார்த்தா கை நடுங்காதா?”

ஆட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முள் இருந்த காலாலேயே தரையை ஓங்கி உதைத்தது.

“கொஞ்சம் பயந்திருந்தா, கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி எந்தக் கால்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாருங்க.”