ஊசித் துளைகள்

போரில் மாண்ட பெரியப்பாவின் பெயரை நினைவுச் சுவரில் பொறிக்க வேண்டுமென்று அவள் அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தாள். படைப்பிரிவு, எண், காயம்பட்டோரைச் சுமந்து மீட்ட செய்தி யாவும் உறுதியாகிவிட்டன. அவர் இறந்தபின் பெரியம்மாவிடம் வழங்கப்பட்ட வீரப்பதக்கத்தைச் சோதிப்பதே எஞ்சியிருந்தது. சுவர்ப் பேச்செடுத்தாலே பெரியம்மா எரிந்து விழுவாராதலின், அவள் அதைச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தாள்.

அருங்காட்சியகக் காப்பாளர் பதக்கத்தின் நாடாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரும்மா மாட்டிக்கிறது?"

"யாருமில்ல சார். பீரோவுல சும்மா தூங்குது."

"தூங்கற பதக்கத்துக்கு இத்தனை ஊசித் துளையா? வேர்வைகூட இன்னும் காயல. வேற யாராவது போட்டுக்கிட்டிருந்தா, பதக்கம் அவரோடதுதானான்னு சந்தேகப்பட்டுப் பேரை ஏத்த மாட்டாங்க. வீட்ல கேளுங்க."

அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போவியாடி?" என்று பெரியம்மா சீறினார். "சட்டையெல்லாம் போட்டுட்டு எவ்வளவு நேரமா நிக்கிறாரு, பாவம்!"

"யாரு பெரியம்மா?"

"யாரா? நல்லாக் கேட்ட போ! செத்தவங்க சுவர்ல அவர் பேரு எதுக்குங்கறேன்? முதல்ல கொண்டா."

தனிமை பெரியம்மாவின் மனத்தைக் கலக்கிவிட்டதென்று அஞ்சி, அவள் விரைந்து வீடு திரும்பினாள். பெரியம்மா பதக்கத்தை வெடுக்கென வாங்கிக்கொண்டு அறைக்குள் சென்றார். ஆளில்லாத அறையின் நடுவில், தம் முகத்துக்கு நேரே, வெற்றிடத்தில் ஊசியைக் குத்திக் கையை எடுத்தார்.

பதக்கம் கீழே விழவில்லை. அது மூச்சுவிடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கிற்று.